ஆகாயத்தாமரை அள்ளும் கோவை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர் குளம் என்று விடுமுறை நாள் விடிகாலையில் கொக்கியும் கயிறுமாக இறங்குகிறவர்கள் நீங்கள். ஆகாயத்தாமரையை வேரோடு இழுத்துக் கரையேற்றி, டிராக்டரில் ஏற்றிவிட்டு, சேறு படிந்த காலோடு வீடு திரும்புகிறவர்கள். இந்த ஊரில் குளத்தைப் பற்றி எதையாவது சொன்னால் காதுகொடுத்துக் கேட்கக்கூடியவர்களும் நீங்கள்தான். அதனால் முகத்தாட்சண்யம் பார்க்காமல் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் முழுதாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஆகாயத்தாமரையின் எடையில் நூற்றுக்கு 95 பங்கு வரை தண்ணீர்தான். ஒரு டன் செடியைக் காயவைத்தால் மிஞ்சுவது 50 கிலோ, மிஞ்சிப்போனால் 70 கிலோ சருகு. செடியையும் பாசியையும் கொழுக்கவைக்கும் உரச்சத்தான பாஸ்பரஸ் அந்தச் சருகில் பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள்தான் இருக்கும். ஆக, ஒரு டன் பச்சைச் செடிக்குக் கால் கிலோ பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு டன் ஏற்றிய ஒரு டிரெய்லருக்கு அரைக் கிலோ.

இப்போது வரவுப் பக்கம். ஒரு மனிதரின் உடலிலிருந்து, பெரும்பாலும் சிறுநீர் வழியாக, நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்குப் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. துணி சோப்பு, பாத்திரத் தூள் எல்லாம் அதற்கு மேல். அப்படியானால் நீங்கள் நாலு பேர் ஒன்றரை மணி நேரம் மூச்சிரைக்க ஏற்றிய அந்த டிரெய்லர், 500 பேர் ஒரே நாளில் அனுப்பிவைத்ததற்கு ஈடு. கோவை மாநகராட்சியில் 100 வார்டுகள். சராசரி பார்த்தால் ஒரு வார்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறது. ஒரே ஒரு வார்டின் கழிவுநீர் குளத்துக்கு வந்து சேர்ந்தாலும், அதைச் செடியாக அள்ளியே தீர்ப்பது என்றால் நாள்தோறும் 20 டிரெய்லர் வேண்டும். ஞாயிறு மட்டுமில்லை. திங்கள், செவ்வாய், தீபாவளி, பொங்கல் எல்லா நாளும்.

வந்து சேரும் அத்தனையும் செடிக்குள் போய்விடுவதில்லை. கொஞ்சம் சேற்றில் படியும், கொஞ்சம் கலிங்கு தாண்டி ஓடிவிடும். அது தெரிந்துதான் சொல்கிறேன். கணக்கைப் பாதியாக்கினாலும் நாளைக்குப் பத்து டிரெய்லர்.

பாஸ்பரஸையே பிடித்துத் தொங்குகிறேனே, கழிவுநீரில் வேறொன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் கரிமம் காற்றிலிருந்தே செடிக்குக் கிடைத்துவிடும். நைட்ரஜனை நீலப்பச்சைப் பாசிகளில் சில காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதிகமானால் சேற்றிலுள்ள பாக்டீரியா அதில் ஒரு பகுதியை வாயுவாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. குளத்துக்குள் வந்துவிட்டால், நீரோடு வழிந்து வெளியேற வேண்டும், அல்லது செடியாகவோ மீனாகவோ வண்டலாகவோ யாராவது அள்ளிக்கொண்டு போக வேண்டும். அதுவரை உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்.

இதைக் கண்ணுக்கு முன்னால் காட்டிய சோதனை ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 226 என்ற எண்ணுடைய ஏரி இரண்டு தொட்டிகளை ஒட்டவைத்தது போல் நடுவில் குறுகியிருக்கும். 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் அந்தக் குறுகலில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டினார்கள். ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும் கலந்தார்கள். மறுபாதியில் அந்த இரண்டோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சைப் பசேல் என்று திரண்டது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். திரைக்கு இந்தப் பக்கம் கறுத்துத் தெளிந்த நீர், அந்தப் பக்கம் பாசிக்குழம்பு. குற்றம் கரிமத்தின் மேல்தான் என்று அதுவரை சோப்புக் கம்பெனிகளின் தரப்பு வாதாடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு படம் அவர்கள் வாயை அடைத்தது.

அடுத்த விஷயம் உங்களுக்குப் பிடிக்காது. ஆகாயத்தாமரையை மட்டும் முழுதாக எடுத்துவிட்டுச் சாக்கடையை அப்படியே விட்டால், குளம் சுத்தமாவதில்லை, ஆளைத்தான் மாற்றுகிறது. செடி மூடியிருந்தவரை வெயில் உள்ளே இறங்காமல் பாசி அடங்கிக் கிடந்தது. செடி போனதும் வெயிலும் உண்டு, உரமும் உண்டு. சில வாரங்களில் நீர் பச்சைப் பெயிண்ட் கரைத்தது போல் ஆகிவிடும். படத்தில் அது அழகாகவே தெரியும். நீர்ப்பரப்பு மீட்கப்பட்டது என்று தலைப்பும் போட்டுவிடுவார்கள்.

அந்தப் பச்சை எது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு குளத்து நீரை மொண்டு, மூடி, ஆட்டாமல் ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் அது சாதாரணப் பச்சைப் பாசி. மேலே ஏறி, பாலாடை மாதிரி ஒரு வளையமாகத் திரண்டு நின்றால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அதன் செல்களுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி மேலே மிதந்து வரும். அது காய்ந்து கரையொதுங்கும்போது நீலம் கலந்த வெளிர்பச்சையில் ஒரு படலம் கல்லில் ஒட்டியிருக்கும். அதைக் கையால் தொடாதீர்கள்.

தொடக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இவற்றில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடியது. 2014 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில், குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவைத்தும் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். ஈரி ஏரியிலிருந்து நீர் எடுக்கும் இடத்தில் அந்த நஞ்சு கலந்திருந்தது. கொதிக்கவைத்தால் அது அழியாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் மூன்று நாள் பாட்டில் தண்ணீருக்கு அலைந்தார்கள். அங்கே பாஸ்பரஸ் வந்தது பெரும்பாலும் வயல் உரத்திலிருந்து. நம் குளத்து நீரை யாரும் குடிப்பதில்லையே என்பீர்கள். ஆடு மாடு குடிக்கின்றன. மீன் பிடித்து விற்கிறார்கள், வாங்கிச் சாப்பிடுகிறோம்.

மீன் என்றதும் இன்னொன்று. குளத்தில் மீன் செத்து மிதந்தால் உடனே, யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒரு புரளி கிளம்பும். சில சமயம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பாசி திரண்ட குளத்தில் விஷம் வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. பகலில் ஆக்ஸிஜனைக் கொட்டித் தரும் அதே பாசி, இரவு முழுக்க அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. விடிவதற்குச் சற்று முன் நீரில் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது போய் நின்றால் ஜிலேபிகள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். முந்தின நாள் மேகமூட்டமாக இருந்து பாசி ஒரேயடியாக மடிந்திருந்தால், காலையில் குளத்தோரம் முழுக்க வெள்ளை வயிறுகள்தான். இதை நண்பகலில் மாதிரி எடுத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் அறிக்கை வரும். மாதிரி எடுக்க வருகிறவர்களை விடியற்காலையில் வரச்சொல்லுங்கள்.

இனி நீங்கள் அள்ளும் முறையைப் பற்றி. அள்ளுவது வீண் என்று நான் சொல்லவில்லை. மதகை அடைத்த செடியை எடுக்காவிட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் ஊருக்குள் வரும். அதன் வேர்களில் மான்சோனியா கொசுவின் புழுக்கள் ஒட்டிக்கொண்டு மூச்சுவிடும். யானைக்கால் நோய்க் கிருமியைச் சுமக்கக்கூடிய கொசு அது. எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுத்ததைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எந்தக் குளம், எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை. ஆள் உயரக் குவியல், மதகுக்குப் பக்கத்திலேயே. நாலாம் நாள் அடியிலிருந்து கறுப்பாக ஒரு சாறு கசிந்து, கரைச்சரிவில் கோடு கிழித்து, வந்த வழியே குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மழை பெய்தால் மிச்சமும் போய்விடும். அத்தனை உழைப்பும் வட்டியோடு தண்ணீருக்குள் திரும்பிப் போகிறது. அன்றே ஏற்றிக் கொண்டுபோக வண்டி இல்லை என்றால் அன்று அள்ள வேண்டாம். வண்டி கிடைக்கும் நாளில் பாதியை அள்ளினால் போதும்.

இன்னொரு தொல்லை விதை. ஆகாயத்தாமரை ஓடுதண்டு விட்டுப் பரவுவதோடு நிற்பதில்லை. பூத்து, விதைத்து, விதையைச் சேற்றில் புதைத்துவைக்கும். 15, 20 ஆண்டுகள்கூட அது உயிரோடு கிடக்கும். குளம் வற்றி மறுபடி நிரம்பும் ஆண்டில் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் முளைத்து நிற்பது இதனால்தான். தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட இதை ஒழிக்க வங்காளத்தில் 1936-இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். சட்டத்துக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை.

பூச்சி விட்டால் தின்றுவிடுமே என்று சிலர் சொல்கிறீர்கள். நியோகெட்டினா என்ற கூன்வண்டு 1980-களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. இலையில் கடுகளவு வெளிர்ப்புள்ளிகள் சுரண்டிவைத்தது போல் இருந்தால் அது மேய்ந்த தடம். விக்டோரியா ஏரியில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சாக்கடைத் தண்ணீரில் கொழுக்கும் செடி, வண்டு தின்பதைவிட வேகமாகத் துளிர்க்கும். போதாக்குறைக்கு நாம் மாதாமாதம் செடியோடு சேர்த்து வண்டையும் அள்ளி லாரியில் ஏற்றிவிடுகிறோம். புள்ளி விழுந்த செடிகள் கண்ணில் பட்டால் ஒரு மூலையில் ஒரு திட்டை விட்டுவையுங்கள்.

போட்டால் குளம் சுத்தமாகிவிடும் என்று நுண்ணுயிர்த் தூள் விற்கிறவர்களைப் பற்றி ஒரே வரி: எந்த நுண்ணுயிர்த் தூளும் கரைசலும் பாஸ்பரஸை இல்லாமல் ஆக்காது, அது தனிமம்.

தயவுசெய்து சம்பையும் கோரையையும் விட்டுவிடுங்கள். பொக்லைன் வந்துவிட்டால் கரையோரம் இருக்கும் எல்லாமே களை என்று ஆகிவிடுகிறது. கொட்டி, ஆம்பல், நெய்தல் எல்லாம் நம் குளத்துச் செடிகள். தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும் வேலம்பாசிகூட அளவோடு இருந்தால் நல்லதுதான். சேற்றைக் கிளறவிடாமல் பிடித்துவைக்கும், மீன்குஞ்சுக்கு மறைவிடம் தரும். தாழைக்கோழிகள் கூடுகட்டுவது சம்புக்குள்தான். சிங்காநல்லூர் குளத்தை 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று அறிவித்தோம். மொட்டையடித்த கரையில் எந்தப் பறவை வந்து உட்காரும்?

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒன்றே ஒன்று, கொக்கியைக் கீழே வைத்துவிட்டு மேலே நடக்கச் சொல்கிறேன். மேலே என்றால் நீர் வரும் வழியில். நொய்யலிலிருந்து பிரியும் வாய்க்கால் வழியே, சங்கனூர்ப் பள்ளத்தின் கரை வழியே, குளத்தில் விழும் ஒவ்வொரு குழாயையும் திறப்பையும் படமெடுத்துக் குறித்துக்கொண்டு நடப்பது. மழையில்லாத மாதத்தில் நடக்க வேண்டும். அப்போது ஓடும் தண்ணீர் எதுவும் மழைநீர் இல்லை. எந்தெந்த அடுக்குமாடியின் குழாய், எந்த வீதியின் சாக்கடை, செப்டிக் டேங்க் லாரி எங்கே பின்பக்கமாக நிற்கிறது எல்லாம் தானே தெரிந்துவிடும். அந்த வரைபடம் கையில் இல்லாமல் செடியை மட்டும் இழுத்துக்கொண்டிருப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை.

நடந்துகொண்டே ஓர் எண்ணையும் தேடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்? இதைக் கேட்கிறவர்கள் அநேகமாக யாருமே இல்லை. நாளுக்கு இத்தனை கோடி லிட்டர் சுத்திகரிக்கிறோம் என்ற எண் பலகையில் இருக்கும். சுத்திகரித்த நீர்தானே என்று நாமும் நிம்மதியாகிவிடுவோம். வழக்கமான சுத்திகரிப்பு நாற்றத்தையும் கசடையும் நன்றாக எடுக்கும். பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். மீதியையும் எடுக்க வேண்டுமானால் படிகாரமோ இரும்பு உப்போ சேர்த்து அதைத் திரளவைக்க வேண்டும், அல்லது அதற்கென்று நுண்ணுயிர்த் தொட்டியை வடிவமைக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு உண்டு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட தர வரம்பில் பாஸ்பரஸ் என்ற சொல்லே இல்லை. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்தான், ஏரி குளங்களில் விடும் நீருக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற வரம்பை உள்ளடக்கிய கடுமையான தரத்தை ஏற்றுக்கொண்டு உத்தரவிட்டது. அந்த ஒரு மில்லிகிராமும் தாராளம்தான். குளத்து நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் தாண்டினாலே பாசிக்கு விருந்து. ஆகவே சுத்திகரித்த நீரைக் குளத்தில்தான் விடவேண்டும் என்று நாம் அடம்பிடிக்கவும் கூடாது. அது வயலுக்குப் போகட்டும். அங்கே பாஸ்பரஸ் உரம். விவசாயி காசு கொடுத்து மூட்டையில் வாங்குகிற அதே சரக்கு.

நடக்கிற காரியமா என்பவர்களுக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தைக் காட்டுங்கள். அங்கே வாஷிங்டன் ஏரியில் சுற்றியிருந்த ஊர்களின் கழிவுநீர் கலந்து, 1955-இல் நீலப்பச்சைப் பாசி தலைகாட்டியது. எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் இது எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே சொன்னார். 1958-இல் மக்கள் வாக்களித்து, தங்கள் பணத்திலேயே கழிவுநீரைத் திருப்பிவிடும் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். 1963-இல் தொடங்கி 1968-இல் திருப்பி முடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே ஏரி தெளிந்தது. அது ஆழமான, குளிர்ந்த ஏரி. நம்முடையது இடுப்பளவு, தலையளவு ஆழமுள்ள வெப்பநாட்டுக் குளம். அதே வேகத்தில் தெளியாது. பல ஆண்டுச் சேறு அடியில் கிடக்கிறது. ஆக்ஸிஜன் இல்லாத நாட்களில் தான் பிடித்துவைத்த பாஸ்பரஸை அது மறுபடி நீரில் விட்டுக்கொண்டிருக்கும். கோடையில் வண்டலை வெட்டி வயலுக்கு அடித்த நம் பாட்டன்மார்களின் பழக்கம் இந்தக் கணக்கைத்தான் வருடாவருடம் நேர்செய்துகொண்டிருந்தது. இன்று அப்படியே அடித்துவிட முடியாது. மின்முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு கலந்த குளம் என்றால் வண்டலில் குரோமியம், நிக்கல் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் வயலுக்குப் போக வேண்டும். தூர்வாரக் கேட்கிறவர்கள் அந்தச் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

மேல்மடையைக் கவனிக்காவிட்டால் கீழ்மடைக்கு என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் புகைந்து எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த ஏரியின் நீர் வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் கலக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போதெல்லாம் ஆளை மறைக்கும் வெள்ளை நுரை எழும்புகிறது. அந்த நுரையை நம்பித்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்து வயல்கள் இருக்கின்றன. நம் குளங்களின் கீழே யார் இருக்கிறார்கள் என்று நொய்யல் போகும் திசையில் ஒருமுறை பாருங்கள். அவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதைக் கேட்கவே வேண்டியதில்லை.

கரைக்கு நாம் நிறையச் செய்துவிட்டோம். நடைபாதை, வண்ணவிளக்கு, உட்காரத் திண்ணை, படமெடுத்துக்கொள்ள வளைவு. மாலையில் கூட்டம் வருகிறது. நல்லதுதான், குளத்துக்கு முதுகைக் காட்டி வீடு கட்டிய ஊர் இப்போதாவது திரும்பிப் பார்க்கிறது. அந்தக் கூட்டத்திடம் நீங்கள் பேச வேண்டும். செடியை இழுக்க ஆள் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வைப்பதே ஒரு வருட வேலை.

சுத்திகரிப்பு நிலைய வெளியேற்று நீரின் மொத்த பாஸ்பரஸ், மொத்த நைட்ரஜன் இரண்டையும் மாதவாரியாகக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதிவைத்திருக்கிறேன். ஒரு தனிமனிதர் கேட்டால் ஒரு பதில் வரும். பத்துக் குளத்துக் குழுக்கள் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வரும். நகல் வேண்டுகிறவர்கள் உங்கள் குழு வழியாகக் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

மேலே நடக்கும் முதல் ஞாயிற்றை மார்ச் மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். வாய்க்கால் வற்றியிருக்கும், பாம்புக்கு மட்டும் கவனம். ஆளுக்கு நான்கு சுத்தமான ஒரு லிட்டர் பாட்டில், அழியாத மையில் எழுதும் பேனா, முழங்கால் வரையிலான ரப்பர் காலணி, கையுறை. குழாய் வாயில் நேராக மொள்ள வேண்டும். தேங்கிய குட்டையில் மொண்டால் பயனில்லை. மொண்ட பாட்டிலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்று மாலைக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். பள்ளத்து நீரில் வெறுங்கையை விட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களோடு ஒரு காலத்தில் கொக்கி பிடித்த,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்